கிளாம்பாக்கத்துக்குத் தேவை இன்னொரு தண்டவாளமா?

சென்னையின் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே மெட்ரோ வந்துவிடுகிறது. மெட்ரோ வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஆளுங்கட்சிக்காரர். மெட்ரோ வருமுன் எதற்காகத் திறந்தீர்கள் என்று கேட்கிறார் எதிர்க்கட்சிக்காரர். ஊரப்பாக்கத்தில் மனை விற்கிறவரின் துண்டுப் பிரசுரத்தில் மெட்ரோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. எதிலும் ஒத்துப்போகாத இவர்கள் அத்தனை பேரும் ஒன்றில் மட்டும் உடன்படுகிறார்கள்: முனையத்தில் கூட்டம் இருக்கிறது, தண்டவாளம் போட்டால் அந்தக் கூட்டம் ரயிலேறும். இந்தக் கணக்கில் தவறு இருக்கிறது என்பதுதான் என் வாதம். மெட்ரோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிளாம்பாக்கத்துப் பயணியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி அவர் பெயரால் மெட்ரோ கேட்பது அவருக்குச் செய்கிற உதவி ஆகாது என்கிறேன்.

முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ 88 ஏக்கர், செலவு 393.74 கோடி ரூபாய். விமான நிலையத்தோடு நின்றுபோகும் மெட்ரோ பாதையை அங்கே வரை நீட்டும் திட்டம் 15.46 கிலோமீட்டர், 13 நிலையங்கள், மதிப்பீடு 9,335 கோடி. கிலோமீட்டருக்குச் சுமார் 600 கோடி. முனையத்தைக் கட்டிய பணத்தில் இந்தப் பாதையில் முக்கால் கிலோமீட்டர்கூடப் போட முடியாது. இவ்வளவு பெரிய தொகைக்கு நியாயம் சொல்ல வேண்டியது ஓர் எண்தான்: நாளொன்றுக்கு எத்தனை பேர் ஏறுவார்கள்?

அந்த எண்ணைக் கேள்வி கேட்டால் உடனே வருகிற பதில் கோயம்பேடு. 2002 நவம்பரில் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்குப் பேருந்துகளை மாற்றியபோதும் இப்படித்தான் புலம்பினார்கள், அப்புறம் அதுவே நகரத்தின் நடுவாகிவிடவில்லையா என்கிறார்கள். நல்ல உதாரணம்தான். ஆனால் அது அவர்கள் கட்சிக்குச் சாட்சி சொல்லவில்லை. கோயம்பேட்டில் முனையம் திறந்தது 2002இல், மெட்ரோ ஓடத் தொடங்கியது 2015 ஜூன் 29 அன்று. இடையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கோயம்பேடு மெட்ரோ இல்லாமலே பிதுங்கி வழிந்தது. அதை வாழவைத்தவை மாநகரப் பேருந்துகள், ஷேர் ஆட்டோக்கள், நூறடிச் சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை. நான்கு பக்கமும் ஊர் இருந்தது: ஒருபுறம் அண்ணாநகர், ஒருபுறம் வடபழனி, மேற்கே மதுரவாயல், கிழக்கே அரும்பாக்கம். கிளாம்பாக்கமோ நகரத்தின் ஒரு நுனியில் இருக்கிறது. அங்கே இறங்குகிற பெரும்பாலோருக்கும் நகரம் ஒரே திசையில்தான். பாரிமுனைக்குப் போக முப்பது கிலோமீட்டருக்கு மேல். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கோயம்பேட்டுக் கதைக்குப் பின்பாதி ஒன்றும் உண்டு. பேருந்து முனையத்தின் வாசலிலேயே, அதன் பெயரிலேயே ஒரு மெட்ரோ நிலையம் கட்டினார்கள். திறந்த எட்டரை ஆண்டுகளில் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்து கிளம்பிவிட்டன. பேருந்தை ஓர் அரசாணையால் இடம் மாற்றலாம். தூண்களில் நிற்கிற நிலையத்தை மாற்ற முடியாது. அந்த நிலையத்துக்கான பயணியர் எண்ணிக்கையைக் கணித்தவர்கள் இதை எதிர்பார்த்திருப்பார்களா? இப்போது அதே பேருந்துகளின் பின்னால் இன்னொரு பாதையை ஓடவிடச் சொல்கிறோம். மாதவரம் பேருந்து முனையம் 2018இல் வந்தது, மேற்கே போகும் பேருந்துகளுக்குக் குத்தம்பாக்கம் என்று முடிவாயிற்று. ஒரு கோயம்பேட்டைத் திசைக்கொன்றாகப் பிரிப்பதே நோக்கம். பிரித்த பிறகு எந்த முனையத்தில் எவ்வளவு பேர் என்பது இனியும் மாறும்.

மாறும் என்பதற்கு ஆம்னி பேருந்து வழக்கே போதும். 2024 ஜனவரியில் தென்மாவட்டங்களுக்குப் போகும் தனியார் ஆம்னி பேருந்துகள் அத்தனையும் கிளாம்பாக்கத்திலிருந்துதான் புறப்பட வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் போரூரிலும் சூரப்பட்டிலும் பயணிகளை ஏற்றி இறக்க இடைக்கால அனுமதி தந்தது. வரைபடத்தில் அந்த இரண்டு ஊர்களையும் பாருங்கள். ஒன்று மேற்கு, ஒன்று வடமேற்கு. இரண்டும் புறவழிச்சாலையை ஒட்டியவை. அங்கே வசிப்பவர் திருநெல்வேலிக்குப் போக முனையம் இருக்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து, கிளாம்பாக்கத்தில் ஏற வேண்டிய காரணமே இல்லை. பயணி எங்கே ஏற விரும்புகிறார் என்பதற்கு அந்த வழக்கைவிடத் துல்லியமான கணக்கெடுப்பு கிடையாது. முனையத்தின் கூட்டம் நீதிமன்ற உத்தரவு ஒன்றில் கூடலாம், குறையலாம். அதன்மேல் முப்பதாண்டுக் கணிப்பைக் கட்டுகிறோம்.

சரி, கூட்டம் குறையவே குறையாது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூட்டம் எப்போது வருகிறது? தென்மாவட்டப் பேருந்துகளின் இயல்பு எல்லாருக்கும் தெரியும். மதுரையிலும் நெல்லையிலும் நாகர்கோவிலிலும் இரவில் ஏறிப் படுத்தால், விடிவதற்குள் சென்னை. விடியற்காலை மூன்று மணியிலிருந்து இறங்கத் தொடங்குகிறார்கள். சென்னை மெட்ரோவின் முதல் வண்டி ஐந்து மணிக்கு. கடைசி வண்டி இரவு பதினொன்றுக்கு. திருச்சியிலிருந்து பகலில் கிளம்பி வழியில் நெரிசலில் மாட்டி நள்ளிரவில் வந்து சேர்பவருக்கும் அது இல்லை. இரவு ஒன்பது, பத்து மணிப் பேருந்தைப் பிடிக்கப் போகிறவருக்கு மெட்ரோ உதவும், மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரத்தைத் தாண்ட ஆகும் நேரத்தை நினைத்தால் மிகவும் உதவும். ஆனால் போனவர் திரும்பி வரும்போது, நான்கு மணி இருட்டில், ஒரு கையில் பையும் மறு கையில் தூங்கும் குழந்தையுமாக இறங்கும்போது அவர் முன்னால் இருப்பது பூட்டிய மெட்ரோ கதவு.

போக்குவரத்துக் கணிப்புகளில் இந்த நான்கு மணிப் பயணிக்கு இடம் குறைவு. கணிப்பு எப்படிச் செய்யப்படுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நகரத்தைச் சிறு மண்டலங்களாக வெட்டுவார்கள். ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் எத்தனை பயணங்கள் புறப்படும், அவை எங்கே போகும், எந்த வாகனத்தில் போகும், எந்தப் பாதையில் போகும் என்று நான்கு படிகளில் கணக்கிடுவார்கள். வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் அன்றாடம் போய்வருபவர்தான் இந்த முறையின் கதாநாயகர். காலை உச்ச நேரத்தில் ஒரு மணிக்கு, ஒரு திசையில், எத்தனை பேர் என்பதை வைத்தே ரயிலின் நீளமும் இடைவெளியும் முடிவாகின்றன. கிளாம்பாக்கத்துப் பயணி இந்த அச்சில் பொருந்தாதவர். அவர் மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவர், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகிறவர். திருவிழாக் கூட்டத்தை ஆண்டு முழுக்கப் பரப்பிச் சராசரி எடுத்தால் எண் அழகாக இருக்கும். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை அந்தச் சராசரி எங்கே இருக்கும்?

கணிப்புகள் பொய்ப்பது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃப்ளிவ்பியரும் சகாக்களும் 14 நாடுகளின் 210 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் வெகுவாகப் பேசப்படுவது. அதில் இருந்த ரயில் திட்டங்கள் 27. பத்தில் ஒன்பதில் பயணியர் எண்ணிக்கையை மிகையாகக் கணித்திருந்தார்கள். சராசரி மிகை 106 சதவீதம். அதாவது நூறு பேர் வந்த இடத்தில் இருநூற்றாறு பேரை எதிர்பார்த்திருந்தார்கள். சாலைத் திட்டங்களிலும் பிழை உண்டு, ஆனால் அங்கே பிழை இரண்டு பக்கமும் சாய்கிறது. ரயிலில் மட்டும் பெரும்பாலும் ஒரே பக்கம். தற்செயலான தவறு இப்படி ஒரே பக்கமாகச் சாயாது.

நம் கணக்கையும் பார்த்துவிடலாம். சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்துக்கான திட்ட அறிக்கை 2016இல் நாளுக்கு 7.75 லட்சம் பேர் பயணிப்பார்கள் என்றது. முதல் கட்டம் முழுதாக ஓடத் தொடங்கியதே 2019இல், ஆகவே 2016ஐ விட்டுவிடுவோம். இடையில் கொரோனா, அதையும் மன்னிப்போம். எல்லாம் ஓய்ந்து, வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஒன்பது கிலோமீட்டர் கூடுதலாகவும் சேர்ந்த பிறகு, 2024ஆம் ஆண்டு முழுவதும் பயணித்தவர்கள் 10.52 கோடி. நாளுக்கு 2.87 லட்சம். எதிர்பார்த்ததில் நாற்பது சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இதனால் சென்னை மெட்ரோ தோற்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். மே மாதத்து மதியத்தில் அண்ணா சாலைக்கு அடியில் குளிர்ச்சியாகப் போகிற சுகத்தை அனுபவித்தவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். தோற்றது கணிப்புதான். தோற்ற கணிப்புக்குப் பிறகும் அதே பாணியில் அடுத்த கணிப்பை வைத்தால், முந்தையது ஏன் தவறியது என்று முதலில் சொல்லச் சொல்வது நியாயம்தானே?

ஒரு காரணம் ஒளிவுமறைவற்றது. 2017ஆம் ஆண்டின் தேசிய மெட்ரோ ரயில் கொள்கைப்படி, ஒரு திட்டம் அனுமதி பெற அதன் பொருளாதாரப் பலன் விகிதம் 14 சதவீதத்தைத் தொட வேண்டும். அந்தப் பலனில் பெரும்பகுதி பயணிகள் மிச்சப்படுத்தும் நேரமும் எரிபொருளும். மிச்சமாகும் நிமிடங்களைப் பயணியர் எண்ணிக்கையால் பெருக்கினால் பலன் வருகிறது. எண்ணிக்கை இறங்கினால் விகிதம் இறங்கும், விகிதம் இறங்கினால் கோப்பு திரும்பி வரும். திட்டம் வேண்டும் என்று விரும்புகிறவரின் செலவில்தான் கணிப்பும் தயாராகிறது. யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊகத்திலும் கொஞ்சம் நம்பிக்கையோடு இருந்தால் போதும். கோவை, மதுரை மெட்ரோ அறிக்கைகளை ஒன்றிய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியபோது நடந்த சண்டையில் வஞ்சனை, பாரபட்சம் என்ற சொற்கள்தான் பறந்தன. வஞ்சனை இருந்ததா இல்லையா என்பது வேறு வழக்கு. எதிர்பார்க்கப்பட்ட பயணியர் எண்ணிக்கை எந்த ஊகங்களிலிருந்து வந்தது என்று இரண்டு தரப்பிலும் யாரும் மேடையில் பேசியதாக நினைவில்லை.

அதே 2017 கொள்கையில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. மெட்ரோவைக் கேட்குமுன் மாற்று வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கிளாம்பாக்கத்தில் மாற்று வழியைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். முனையத்தின் எதிரே, ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால், அது ஓடிக்கொண்டிருக்கிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. செங்கல்பட்டுக்கும் அதே தடத்தின் தொடர்ச்சிதான். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம், பிறகு பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர். மெட்ரோ நீட்டிப்பு எந்த ஊர்களைத் தொடப்போகிறதோ அந்த ஊர்களிலெல்லாம் ஏற்கெனவே ஒரு ரயில் நிலையம் நிற்கிறது, பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் பத்து ரூபாய். இருபது கிலோமீட்டருக்குள் ஐந்து ரூபாய். மெட்ரோவில் உச்சக் கட்டணம் 50. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு எழும்பூர் வரை புறநகர் ரயிலில் நாற்பது ரூபாயில் முடிவது, மெட்ரோவில் இருநூறை நெருங்கும். அப்போது பாதிப் பேர் வாடகைக் காரை நினைப்பார்கள். சாதாரண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே இல்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வசதியாக அமைந்த தடத்தில், முனையம் திறந்து ஓராண்டு கழிந்த பின்னும், ரயில் நிற்க ஒரு நிலையம் திறக்கப்படவில்லை. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் கிளாம்பாக்கம் நிலையம் என்று முடிவு செய்து, நிலையம் மட்டும் சுமார் இருபது கோடி ரூபாய் வேலை, சாலைக்கு மேலே ஏறத்தாழ 400 மீட்டர் நடைமேம்பாலத்தோடு திட்டமிட்டார்கள். காலக்கெடு ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போனது. இருபது கோடி வேலைக்கு இந்த வேகம் என்றால் 9,335 கோடி வேலைக்கு என்ன வேகம்? முனையத்தைக் கட்ட எடுத்த ஆண்டுகளிலேயே நிலையத்தையும் கட்டியிருக்கலாம். மாநில அரசுக்கும் ரயில்வேக்கும் இடையே கடிதங்கள் போய்வந்த கதையை யாரும் ஆட்சியின் தோல்வியாகப் பேசவில்லை, ஏனென்றால் எல்லாரும் மெட்ரோவுக்காகக் காத்திருந்தார்கள். மெட்ரோ வரும் என்ற வாக்குறுதியின் உண்மையான விலை இதுதான். கைக்கெட்டுகிற வேலையைத் தள்ளிப்போட அது எல்லாருக்கும் சாக்குத் தருகிறது.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். மின்சார ரயிலில் காலையில் கால் வைக்க இடமில்லை, தாம்பரத்துக்குத் தெற்கே வண்டிகளின் இடைவெளி அதிகம், கூடுவாஞ்சேரியும் ஊரப்பாக்கமும் ஊதிப் பெருத்துவிட்டன, தாம்பரம் 2021இல் மாநகராட்சியே ஆகிவிட்டது, ஜி.எஸ்.டி. சாலை இனித் தாங்காது. எல்லாம் உண்மை. இது பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் மெட்ரோ வேண்டும் என்பதற்கான வாதம். அன்றாடம் வேலைக்குப் போய்வருபவர்களுக்கான வாதம். அதை அந்தப் பெயரிலேயே வைக்கட்டும், அந்த மக்களின் எண்ணிக்கையை வைத்தே கணக்கிடட்டும், தாம்பரத்துக்குத் தெற்கே வண்டிகளை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்தில் எழுதட்டும். அதில் மெட்ரோ வென்றால் நானும் கைதட்டுவேன். பேருந்து முனையத்தின் கூட்டத்தைக் காட்டி அந்தக் கணக்கைக் கொழுக்கவைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

பறக்கும் ரயிலை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை, 2007இல் வேளச்சேரி வரை என்று வளர்ந்த பாதை அது. நிலையங்களைக் கோட்டைகளைப்போலக் கட்டினார்கள். மேல்தளங்களில் கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று எதிர்பார்த்தார்கள். பல ஆண்டுகள் அங்கே காற்றுதான் குடியிருந்தது. நிலையத்துக்கு வெளியே வந்தால் ஏற ஒரு பேருந்து இல்லை, நடக்க ஒரு நடைபாதை இல்லை. வேளச்சேரியைப் பரங்கிமலையோடு இணைக்கும் ஐந்து கிலோமீட்டர் வேலை 2008இல் தொடங்கியது. நாலரை கிலோமீட்டர் முடிந்து, மிச்ச அரைக் கிலோமீட்டர் நிலத் தகராறில் ஆண்டுக்கணக்காகத் தொங்கியது. அந்த அரைக் கிலோமீட்டர் இல்லாததால் பாதையின் வேளச்சேரி முனை எதனோடும் சேராமல் கிடந்தது. பயணியை உருவாக்குவது பாதையின் நீளம் அல்ல, இணைப்புதான் என்று இந்த நகரம் சொந்தச் செலவில் கற்றுக்கொண்ட பாடம் அது. கற்றதை எழுதி வைக்காததுதான் குறை.

2024 பிப்ரவரியில் கிளாம்பாக்கத்தில் நள்ளிரவில் பயணிகள் சாலை மறியலில் இறங்கினார்களே, எதற்காக? ஊருக்குப் போகப் பேருந்து இல்லை என்பதற்காக. முனையத்தின் மிகப் பெரிய நெருக்கடி வெடித்த அந்த இரவில் மெட்ரோ இருந்திருந்தால் என்ன செய்திருக்கும்? இல்லாத பேருந்துக்காக இன்னும் கொஞ்சம் பேரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கும். பேருந்து முனையத்தின் நோய்க்குப் பேருந்தில்தான் மருந்து என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு வெளிப்படை.

அந்த மருந்து என்ன என்பதும் ரகசியமில்லை. விடியற்காலை மூன்று மணியிலிருந்து கிண்டிக்கும் பாரிமுனைக்கும் திருவான்மியூருக்கும் வேளச்சேரிக்கும் போரூருக்கும் ஆவடிக்கும் திருவொற்றியூருக்கும் நேரடிப் பேருந்துகள், வழியில் ஐந்தாறு நிறுத்தங்களோடு. கால் மணிக்கு ஒன்று போதும், ஆனால் அது கால் மணிக்கு ஒன்றாகவே இருக்க வேண்டும். வெளியூர்ப் பேருந்தின் சீட்டிலேயே இந்தக் கடைசிப் பயணமும் அடங்கினால் இன்னும் நல்லது. வெளியூர்ப் பேருந்து நிற்கிற இடத்துக்கும் மாநகரப் பேருந்து நிற்கிற இடத்துக்கும் இடையிலான நடையைக் குறைக்க வேண்டும், பேட்டரி கார் வைத்துச் சமாளிக்கிற அளவுக்கு அது நீளமாக இருப்பதே வடிவமைப்பின் குறை. முதல் மின்சார ரயிலைச் செங்கல்பட்டிலிருந்து இன்னும் முன்னதாக எடுக்கலாம். இதில் எதற்கும் தூண் நட வேண்டாம், நிலம் எடுக்க வேண்டாம். பலன் இல்லையென்றால் அடுத்த மாதமே பேருந்தை வேறு வழித்தடத்துக்குத் திருப்பிவிடலாம்.

இந்த மூன்று மணிப் பேருந்துகளை ஓட்டிப் பார்த்தால் இன்னொரு லாபமும் உண்டு. யார் எங்கே போகிறார்கள் என்பது ஊகமாக இல்லாமல் சீட்டுக் கணக்காகக் கிடைக்கும். போரூர்ப் பேருந்து நிரம்பி, கிண்டிப் பேருந்து காலியாக ஓடினால், விமான நிலையப் பாதையை நீட்டுவதில் முனையத்துப் பயணிக்கு என்ன லாபம் என்று தெரிந்துவிடும். கிண்டிப் பேருந்தும் பாரிமுனைப் பேருந்தும்தான் நிரம்பி வழிகின்றன என்றால் என் வாதம் அந்த அளவுக்குத் தோற்றது, ஒப்புக்கொள்கிறேன். ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று ஓர் அமைப்பே இதற்கென்று இருக்கிறது, சட்டம் 2010இலேயே வந்துவிட்டது. பேருந்து, ரயில், மெட்ரோ மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதுதான் அதன் வேலை.

மெட்ரோ அறிக்கையில் கிளாம்பாக்கம் நிலையத்துக்கு எதிரே எழுதப்படும் எண்ணைப் பற்றி அந்த மேசையில் இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும். அதில் எத்தனை பேர் காலை ஐந்து மணிக்கு முன் இறங்குபவர்கள்? எத்தனை பேர் கிளாம்பாக்கத்தில் இறங்காமல், அதே பேருந்திலிருந்து போரூரிலோ பெருங்களத்தூரிலோ இறங்கிக்கொள்ளக் கூடியவர்கள்? இந்த இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுகிற எண்ணை வெளியிடட்டும். அதை வைத்துக்கொண்டு பேசலாம்.